மோட்சத்துக்கு ஒரு குத்துப்பாட்டு

“மோட்சத்துக்குக் குத்துப்பாட்டுதாண்ணே சரி!”

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கச்சேரிப் பாடகி சொன்னார். எதிர்ப்பக்க சீட்டில் குரும்பலூர்த் திருவிழாக் கமிட்டிக்காரர், கையில் பாட்டு லிஸ்டும் பேனாவுமாக.

“கோயில் மேடைம்மா. அத எடுத்துடு.”

“அறம், பொருள், இன்பம், வீடுன்னு நாலும் வேணும்ல? சாமிப் பாட்டு அறம். ஒழைச்சு முன்னுக்கு வர்ற பாட்டு பொருள். டூயட் போட்டா இன்பம். இதையும் எடுத்துட்டா வீடுபேறுக்கு எங்கண்ணே போறது?”

“ஆடுனா மோட்சமா?”

“ஆடுறப்ப நான், எனதுங்கிறதெல்லாம் மறந்துபோவுதுல்ல? போன வருஷம் மேடையிலேருந்து பாத்தேன். ஒங்க தம்பி தோளப் புடிச்சிக்கிட்டு அந்த ஆட்டம் ஆடுனீங்க. வரப்புத் தகராறுல ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாதுன்னு மறுநாள்தான் சொன்னாங்க.”

கமிட்டிக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“பாட்டு இருக்கட்டும். ஆனா கடைசில வைக்காதம்மா. அவன் ஒம்போது மணிக்கே கெளம்பிடுவான்.”