நகத்தளவு மீன்

— த்தூ! த்தூ! இன்னும் நாக்குலயே ஒட்டிக்கிட்டிருக்கு மாப்ளே. டீசலா, சாக்கடையா, என்ன எழவுன்னே தெரியல.

— வாயை நல்லாக் கொப்புளிங்க மச்சான். அந்தக் குழாய்ல நல்ல தண்ணி வரும். முதல் தடவை முங்குறவங்க எல்லாரும் ரெண்டு மடக்கு குடிக்கத்தான் செய்வாங்க.

— முங்குறதுக்கு வேற எடமே இல்லையா? பவளப்பாறை, கலர் கலரா மீனுன்னு நெனச்சுத்தான் தலையாட்டினேன். நீங்க என்னடான்னா குப்பைமேட்டுக்குல்ல கூட்டிட்டுப் போயிருக்கீங்க? டயரு, பெயிண்ட் டப்பா, கிழிஞ்ச செருப்பு... ஒரு டயப்பர் உப்பிப்போய் என் மூஞ்சிக்கு நேரா ஆடி ஆடி வருது. யாரு பெத்த புள்ளையோ! கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். வாந்தி எடுக்கலாம்னா வாயில குழாயை வேற சொருகி விட்டுட்டாங்க.

— பவளப்பாறையை எவன் வேணாப் பார்க்கலாம் மச்சான். யாரும் பார்க்காத சின்னச் சின்ன ஜீவனெல்லாம் இந்தச் சேத்துக்குள்ளதான் இருக்கு. டப்பாவுக்குள்ள ஆக்டோபஸ், பாட்டில் வாயில நண்டு. இதுக்காகவே லீவு சேத்து வெச்சு வர்றவங்க நாங்க.

— லீவு போட்டுட்டு வந்து சாக்கடையில முங்குற ஒரே கூட்டம் நீங்கதான்யா.

— நான் கட்டிக்கப்போற உங்க தங்கச்சியும் அந்தக் கூட்டம்தான். காதுவலி மட்டும் வரலைன்னா இன்னைக்கு எனக்கு முன்னாடி அவதான் குதிச்சிருப்பா.

— அவ கதை வேற. புழு பூச்சின்னா சின்ன வயசுலேருந்தே அவளுக்கு உயிரு. நான் இந்தப் பூச்சிமருந்து அடிக்கிற தொழில்ல எறங்கினப்போ ஒரு வாரம் என்கூடப் பேசல. வீட்டுல கரப்பான்பூச்சி வந்தா பேப்பர்ல ஏந்திட்டுப் போய் வெளிய விடுவா. என் வீட்டுல! ஊரான் வீட்டுக் கரப்பானையெல்லாம் கொல்றவன் வீட்டுல!

— ஹ ஹ... சொல்லியிருக்கா. கொஞ்சம் தள்ளிக்கோங்க மச்சான். கேமராவை இந்தத் தொட்டியில ஊறப் போடணும். உப்பு ஏறிடுச்சுன்னா போச்சு.

— கழுவுங்க, நல்லாக் கழுவுங்க. அப்படியே அந்தக் கம்பியையும் கழுவிடுங்க.

— எந்தக் கம்பி?

— கையில வெச்சிருந்தீங்களே, பேனா கணக்கா ஒண்ணு.

— ஓ, இதுவா? இதை மண்ணுல ஊனிக்கிட்டா உடம்பு ஆடாது. படம் கலங்காம வரும்.

— சரி. படம் எடுத்து முடிச்சதுக்கப்புறம் எதுக்கு ஊனினீங்க?

— எப்போ?

— கைடு என் முதுகைப் புடிச்சுக்கிட்டு, காத்து எவ்வளவு இருக்குன்னு மீட்டரைப் பார்த்துக்கிட்டிருந்தார். எனக்குப் பார்க்க வேற என்ன இருக்கு? உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கேமராவைக் கீழ எறக்கினீங்க. இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. அப்புறம் கம்பியை நீங்க படம் புடிச்ச அந்தக் குட்டி மீன் மேல வெச்சு ஒரு அழுத்து. காலால சேத்தைக் கிளப்பிவிட்டு மூடிட்டு வந்தீங்க.

— மச்சான், தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத் தெரியும். நீங்க பயத்துல வேற இருந்தீங்க...

— மாப்ளே. எலி எப்போ சாகுது, எப்போ நடிக்குதுன்னு பார்த்தே சொல்றவன் நான். என்கிட்டயேவா?

— இருங்க மச்சான், இந்தத் தொட்டியில தண்ணி மாத்தணும்.

— அது நடந்துச்சுய்யா. மீனு, கையை ஊனி நடந்துச்சு. என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்ல. உடம்பெல்லாம் முடி, தலையில தூண்டில் கணக்கா ஒண்ணு. அந்தக் கருமம் புடிச்ச செருப்பு மேல ஏறி நின்னு, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டுச்சு. அந்த நாத்தம், அந்த டயப்பர் எல்லாத்தையும் மறந்துட்டேன். அடடா, இதுக்குத்தான் இவங்க பைத்தியமா அலையறாங்களான்னு நெனச்ச மறு நிமிஷம் நீங்க அதை நசுக்குறீங்க.

— சரி, மறைக்கல. நாளைக்கு வேற ஒரு குழு வருது. பெரிய பெரிய கேமரா. அவங்களும் அதே மீனை எடுத்துட்டா என் படத்துக்கு என்ன மதிப்பு? போட்டிக்கு அனுப்பணும் மச்சான். இந்த நெறத்துல ஒண்ணை இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல.

— அதனால இனிமேலும் யாரும் எடுக்கக் கூடாது.

— இப்படிப் பண்றது நாங்க மட்டும் இல்ல. வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

— ச்சீ!

— நீங்க மட்டும் என்ன? எலிக்கு மருந்து வெச்சுத்தானே பொழைக்கிறீங்க?

— ஆமாய்யா, வெக்கிறேன். அரிசி மூட்டையைக் கடிச்சா கூப்பிடுறாங்க, போய் வெக்கிறேன். எலியைக் கட்டிப்புடிச்சுப் படம் எடுத்து, 'பாருங்க எவ்வளவு அழகு'ன்னு ஊரெல்லாம் காட்டிட்டு அப்புறமாக் கொல்றதில்ல. ச்சை... தள்ளி நில்லுங்க. அந்த ரப்பர் உடுப்பு நாத்தத்தைவிட உங்ககிட்ட நிக்கிறதுதான் எனக்குக் குமட்டுது.

— மச்சான், வார்த்தையை அளந்து பேசுங்க.

— அளந்துதான் பேசறேன். எங்க அப்பா அம்மா போனதுக்கப்புறம் அவளுக்கு எல்லாமே நான்தான். 'ஒரு தடவை அவரோட தண்ணிக்குள்ள போய்ட்டு வா அண்ணா, அப்புறம் உனக்கே புடிச்சுப்போயிடும்'னு அவ சொல்லித்தான் வந்தேன். நல்லவேளை வந்தேன். இந்தக் கல்யாணம் நடக்காது.

— பத்திரிகை கொடுத்து முடிச்சாச்சு மச்சான்!

— கொடுத்த வீட்டுக்கெல்லாம் நானே போய்த் திருப்பிச் சொல்லிக்கிறேன். ஒரு பூச்சியைக் கையால தொட்டாக்கூட அதுக்கு வலிக்கும்னு சொல்றவ அவ. அவளைக் கொண்டுபோய் உங்ககூடக் குடித்தனம் வெப்பேனா? இப்பவே ரூமுக்குப் போறேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப் போறேன்.

— வேண்டாம் மச்சான். கால்ல வேணா விழறேன். அவகிட்ட இதைப் பத்திப் பேசாதீங்க.

— இப்ப மட்டும் பயம் வருதோ?

— எனக்காகச் சொல்லல. உங்களுக்காகத்தான் சொல்றேன். கல்யாணம் வேண்டாம்னா நானே ஒதுங்கிக்கிறேன். என்ன காரணம் வேணா சொல்லிக்கோங்க, குடிகாரன்னு சொல்லுங்க. இதை மட்டும் அவகிட்டக் கேக்காதீங்க.

— அடேயப்பா, என்ன நடிப்பு! அதோ, அவளே வர்றா. வாம்மா, வா. உன்னைத்தான் தேடி வரலாம்னு இருந்தேன்.

— என்ன அண்ணா, மூஞ்சி வெளுத்துப்போய்க் கெடக்கு? பயந்துட்டியா? சொன்னேன்ல, முதல்ல அருவருப்பா இருக்கும், அப்புறம் பழகிடும்னு. இந்தா, துண்டு. தலையைத் துவட்டு. ஏய், நீ சொல்லு, கெடச்சுதா?

— கெடச்சுது. நீ ரூமுக்குப் போ. காதை வெச்சுக்கிட்டுக் காத்துல நிக்காத.

— காட்டு, காட்டு... ஐயோ! கொட்டாவி விடும்போதே எடுத்திருக்க! தூண்டில் நுனிகூடத் தெரியுது. அண்ணா, இங்க பாரேன், எவ்வளவு அழகு!

— பார்த்தேன்மா. நேர்லயே பார்த்தேன். இந்த ஆளைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசைத் தேத்திக்கோ.

— மச்சான், வேண்டாம்!

— இரு அண்ணா, ஒரு நிமிஷம், முதல்ல இதைக் கேட்டுக்கறேன். ஏய், இப்பதான் ஆபீஸ்ல விசாரிச்சுட்டு வரேன். அந்தக் கேமராக்காரங்க நாளைக்குக் காலைல நேரா அங்கதான் எறங்குறாங்களாம். முடிச்சுட்டுத்தானே வந்த?

— அண்ணன் நிக்கிறார்... அப்புறம் பேசலாம்.

— நிக்கட்டும், அண்ணனுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? போன தடவை மாதிரி 'மனசு வரல'ன்னு மட்டும் சொல்லிடாத. நான் சொல்லிக் குடுத்தபடி பண்ணியா இல்லையா? இல்லைன்னா சொல்லு, காது கிழிஞ்சாலும் பரவாயில்ல, இப்பவே எறங்கி நானே நசுக்கிட்டு வரேன்.