தொலியத் தரையிலயே துப்புங்க

இல்ல சுக்ரி அண்ணே, டீ வேணாம். டீ குடிக்கவா மாடி இறங்கி வந்தேன்? சாயங்காலம் டிவி பாக்க வாங்கன்னு கூப்பிட வந்தேன். நீங்களே இப்படித் தலையக் குனிஞ்சுக்கிட்டா எப்படி? கெய்ரோவுக்கே கேக்குற மாதிரி அலறும் உங்க கடை ரேடியோ, அதையும் நிறுத்திட்டீங்க.

உங்களுக்குத் தெரியாததா? எங்க வீட்டு டிவி முன்னாடி என்னைக்காவது கால் நீட்ட இடம் இருந்திருக்கா? கட்டடத்துச் சனம் பூரா நாற்காலியத் தூக்கிட்டு வந்துடும். தர்பூசணி விதையக் கொறிச்சுக் கொறிச்சு, தொலியெல்லாம் என் வீட்டுத் தரையில. நான் கத்துவேன்ல? முந்தாநேத்துலேருந்து ஒரு தொலி இல்லண்ணே. யாரையாவது திட்டினீங்களான்னு வீட்டுக்காரி கேக்குறா. ஆமான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல?

அவகிட்ட ஒரு சங்கதி சொல்லணும்ணே. நேத்து எப்படியும் சொல்லிடறதுன்னுதான் உக்காந்தேன். முதல்ல குர்ஆன் ஓதினாங்க. அதுக்கு நடுவுல பேசலாமா? அடுத்து சின்னப் பசங்களுக்குப் பொம்மலாட்டம். ஒரு கழுதை, பாட்டு வாத்தியாரா வருது. அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. சிரிக்கிறவகிட்ட எப்படிச் சொல்றது? நானும் சேர்ந்து சிரிச்சேண்ணே. சத்தியமா சிரிச்சேன்.

அப்புறம் செய்தி. சண்டை நடக்குற கால்வாய்க்கரையக் காட்டினான். பட்டாளத்துப் பசங்க மணல் மூட்டைக்குப் பின்னால நின்னு கையாட்டுறானுங்க. இவ எந்திரிச்சுப் போயி, கண்ணாடியில மூக்கு இடிக்க நின்னுக்கிட்டு ஒவ்வொரு மூஞ்சியாத் தேடுறா. மறைக்காத, தள்ளுடின்னு கத்தினேன். அதுதான் வந்துச்சு வாயில.

நாடகம் ஆரம்பிச்சதும் வாயெடுத்தேன். இது முடியட்டும், அப்புறம் பேசுங்கன்னுட்டா. அது முடிஞ்சா வெளிநாட்டுப் படம். அவளுக்குத்தான் எழுத்து தெரியாதே, கீழ ஓடுறத யாராவது படிச்சுச் சொல்லணும். முன்னெல்லாம் ரிஃபாத்து படிப்பான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு குரல் வெச்சு, பொம்பளைக்குப் பொம்பளை மாதிரியே. அவன் பட்டாளத்துக்குப் போனப்புறம் அது என் தலையில.

அந்தப் படத்துல, கேளுங்க, ஒரு மாலுமி கடல்ல முங்கிச் செத்துடறான். எழுத்துல அப்படித்தான் ஓடுது. நான் என்ன படிச்சேன் தெரியுமா? நீந்திக் கரையேறிட்டான்னு படிச்சேன். அவளும் அப்பாடான்னு உக்காந்துட்டா. அப்புறம் படம் முடியிற வரைக்கும், எங்க அவன், ஏன் இன்னும் வரலன்னு கேட்டுக்கிட்டே இருந்தாண்ணே. வருவான், வருவான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

பேர் சொல்லிக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லுங்கறீங்களா? எந்தப் பேரு? உம்மு ரிஃபாத்துன்னு கூப்பிட்டுத்தானே பழக்கம். ரிஃபாத்தோட அம்மாவேன்னு கூப்பிட்டுட்டு, அப்புறம் என்னத்தச் சொல்ல?

நீங்க மரியாதைக்குத்தான் நிறுத்துனீங்க, தெரியும். முந்தாநேத்து வந்த பட்டாளத்து ஆபீசர் இந்த நாற்காலியில உக்காந்துதானே எங்கிட்டச் சொன்னாரு. உடம்பு கூடக் கிடைக்கலன்னாரு. சாவு விழுந்தா அக்கம்பக்கத்துல ரேடியோ, டிவி போட மாட்டோம். முறைதான், நான் தப்பே சொல்லல. ஆனா கட்டடமே இப்படி மூச்சு விடாம இருந்தா அவளுக்கு விளங்காதா? நான் சொல்றதுக்கு முன்னாடி இந்தச் சத்தமில்லாததே சொல்லிடும்ணே.

இன்னைக்கு ஒரு நாள் போடுங்க ரேடியோவ. நல்லாப் பெருசா வைங்க. சாயங்காலம் உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, கறுப்பு உடுத்த வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க. விதை நான் வாங்கி வெச்சிருக்கேன். தொலிய எங்க வீட்டுத் தரையிலயே துப்புங்கண்ணே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.