இரும்பில் வார்த்த பெயர்

கெசையா: நிறுத்துங்க வக்கீலையா. அந்த வரியை இன்னொரு தரம் வாசிங்க.

ஆல்வா: "ஆப்பிள் தோல் சீவும் இந்தக் கருவியை முதன்முதலாக, தன் சொந்த அறிவால் கண்டுபிடித்தவர் என் தம்பி ரூபன் பிங்கமே என்று..."

கெசையா: தம்பின்னு போட்டா போதுமா? காலமான தம்பி.

ஆல்வா: அது மேலயே இருக்கு, மிஸ் பிங்கம். முதல் வரியில.

கெசையா: ரெண்டு இடத்துலயும் இருக்கட்டும்.

ஆல்வா: இடையில செருகினா திருத்தம்னு வாஷிங்டன் பேட்டன்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவான். மறுபடி முழுசும் எழுதணும். இதுவே நாலாவது பிரதி.

கெசையா: உங்களுக்கு வேற என்ன வேலை கெட்டுப்போகுது? ஊரே தோப்புல மேப்பிள் பாகு காய்ச்சப் போயிருக்கு. வழக்காட ஒரு ஆள் இல்ல.

ஆல்வா: அதென்னவோ நிஜம்தான்... மார்ச் மாசத்துல எவனும் அடுத்தவன் வேலியைத் திரும்பிப் பாக்கறதில்ல.

கெசையா: இன்னொரு துண்டு ஆப்பிள் பை வைக்கவா?

ஆல்வா: ஐயோ, வயிறு வெடிச்சிடும்... சரி, சின்னதா. முதல்ல கையெழுத்து. இது எதுக்குன்னு ஞாபகம் இருக்கில்ல?

கெசையா: எனக்கு வயசாச்சு, புத்தி மழுங்கல. ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தேழுல ரூபன் வாங்கின பேட்டன்ட் உரிமை. பதினாலு வருஷம். வர்ற ஜூன்ல முடியுது.

ஆல்வா: நீங்க சத்தியம் பண்ணிக் கொடுத்தா இன்னும் ஏழு வருஷம் நீட்டிப்பாங்க. இல்லன்னா எந்தப் பட்டறைக்காரனும் இதே கருவியை வார்க்கலாம். தன் பேரைப் போட்டு.

கெசையா: பிங்கம்ங்கிற பேரை ராவி எடுத்துட்டு...

ஆல்வா: ராவ என்ன இருக்கு? புது அச்சுல அந்தப் பேரே இருக்காது.

கெசையா: ரூபனோட எங்க வம்சம் முடிஞ்சுது. கல்லறைக் கல்லுல ஒரு பேரு. வெர்மான்ட் முழுக்க அடுப்படியில, இரும்புல ஒரு பேரு. மிச்சம் அவ்வளவுதான்.

ஆல்வா: அப்ப கையை வைங்க. இதோ பைபிள்.

கெசையா: இது உங்களோடது. ஓரமெல்லாம் மை. எங்க அப்பாவோட பைபிள் மாடியில இருக்கு.

ஆல்வா: எடுத்துட்டு வாங்களேன்.

கெசையா: படி ஏறினா முழங்கால் பிடிச்சுக்குது.

ஆல்வா: நான் போய் எடுத்துட்டு வர்றேன்.

கெசையா: கல்யாணமாகாத பொம்பளை வீட்டு மாடிக்கா? ஊர் என்ன பேசும்?

ஆல்வா: உங்களுக்கு அறுபத்தேழு. எனக்கு எழுபது. ஊரும் தோப்புல இருக்கு.

கெசையா: பை ஆறுது, முதல்ல சாப்பிடுங்க.

ஆல்வா: சரி, கேளுங்க. நீட்டிக்கக் கூடாதுங்கிற பட்டறைக்காரனோட வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணுவான். "கத்திக்குப் பின்னால ஒரு எஃகுப் பட்டை இருக்கே. ஆப்பிளோட மேடு பள்ளத்துக்குத் தக்கபடி கத்தியை அழுத்துதே. அந்த யோசனை ரூபனுக்கு எங்கேருந்து வந்துச்சு?"ம்பான்.

கெசையா: வண்டியோட வில்லுப் பட்டையைப் பாத்து. அது ஊருக்கே தெரியும்.

ஆல்வா: ரூபன் அப்படித்தான் சொன்னான். ஆனா அப்ப உங்ககிட்ட இருந்தது மாட்டு வண்டியும் பனிச்சறுக்கு வண்டியும். ரெண்டுக்கும் வில்லு கிடையாதே.

கெசையா: அடுப்புக்கு விறகு போடணும்.

ஆல்வா: இப்பத்தான் போட்டீங்க.

கெசையா: ...என் உள்சட்டையில இருந்தது.

ஆல்வா: எது?

கெசையா: பட்டைதான்! இடுப்பை இறுக்கிக் கட்டற சட்டைக்குள்ள எஃகுப் பட்டை வச்சுத் தைப்பாங்களே, அது. அறுவடை முடிஞ்ச சமயம். மலை மாதிரி ஆப்பிள் குவிஞ்சு கிடக்கு. குனிஞ்சா விலாவுல குத்துது. கோவத்துல உருவி மேசை மேல எறிஞ்சேன். அது வளைஞ்சு, துள்ளி, ஆப்பிள் மேல... சிரிக்காதீங்க.

ஆல்வா: சிரிக்கல.

கெசையா: மீசை சிரிக்குது.

ஆல்வா: அப்ப பல்சக்கரம், கைப்பிடி...?

கெசையா: எல்லாம் நான்தான். ரூபன் பச்சை வர்ணம் அடிச்சான். அதுவும் திட்டுத் திட்டா.

ஆல்வா: உங்க பேர்லயே வாங்கியிருக்கலாமே? பொம்பளைங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே.

கெசையா: சட்டம் விட்டாலும் அப்பா விடணுமே! "என் மக உள்சட்டைக் கதையை வாஷிங்டன் குமாஸ்தா உக்காந்து படிக்கணுமா?"ன்னார். ரூபனைக் கூப்பிட்டு, நீ போய் சத்தியம் பண்ணுன்னார். ஓய்வுநாள்னு ஞாயித்துக்கிழமை குதிரைக்குச் சேணம்கூடப் பூட்டாத மனுஷன்.

ஆல்வா: என் முன்னாலதான் ரூபன் சத்தியம் பண்ணான்.

கெசையா: பண்ணிட்டு வந்தான். அடுத்த திருவிருந்துல அப்பத் தட்டு வந்தப்போ, பொய்ச்சத்தியம் பண்ண கையால தொடக் கூடாதுன்னு, எடுத்துக்காம பக்கத்துல தள்ளி விட்டான். சாகிற வரைக்கும் அப்படித்தான். பேரு வந்ததும் கர்வம் வந்துடுச்சுன்னு சபையே சொல்லுச்சு. பக்கத்துலதான் நான் உக்காந்திருந்தேன். ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல.

ஆல்வா: எனக்கு அன்னைக்கே தெரியும்.

கெசையா: என்ன தெரியும்?

ஆல்வா: வாஷிங்டனுக்கு அனுப்ப வச்சிருந்த மாதிரிக் கருவியைக் கழட்டிக் காட்டுப்பான்னு கேட்டேன். எந்தத் திருகு முதல்லன்னு அவனுக்குத் தெரியல. வெளியில வண்டியில இருந்த உங்களைத் திரும்பித் திரும்பிப் பாத்தான். நீங்க ஜன்னல் வழியா விரலால காட்டினீங்க.

கெசையா: பாத்துட்டுமா முத்திரை வச்சீங்க?

ஆல்வா: வச்சேன். ஐம்பத்தாறு வயசு எனக்கு... உங்க அப்பாவைக் கண்டா அப்பவும் பயம்.

கெசையா: எல்லாருக்கும்தான்.

ஆல்வா: நடந்ததை நடந்தபடி எழுதலாம், மிஸ் பிங்கம். உங்க பேரு...

கெசையா: எழுதினா ரூபன் பொய்ச்சத்தியம் பண்ணவன். எழுதாம இந்தத் தாள்ல கை வச்சா நான் பொய்ச்சத்தியம் பண்ணவ. வீட்டுக்கு ஒண்ணு போதும், ஐயா.

ஆல்வா: அப்ப பேரு போயிடுமே.

கெசையா: போகட்டும். என் தம்பியைத் தோண்டி எடுத்துத் தெருவுல நிறுத்தி, எனக்குப் பேரு வேண்டாம்.

ஆல்வா: ம்ம்... நானும் ஒண்ணு மறைச்சுட்டேன். மனுவைத் தபால்ல சேர்க்க வேண்டிய கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. இன்னைக்கு செவ்வாய். இந்தத் தாள் எதுக்கும் ஆகாது. தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன். என் வீட்டுல... பேச்சுக் குரலே இல்ல பாருங்க.

கெசையா: வெள்ளிக்கிழமை தபால் வண்டி இந்த வழியாத்தான் போச்சு. மணிச் சத்தம் கேட்டு மறையற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. அப்புறம் நாலு நாளா எனக்கு ஒரே பயம்தான்... தேதி போயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிட்டா, அப்புறம் நீங்க எதுக்கு வரப்போறீங்கன்னு.