பெருசு வெளிய வந்துச்சா?

ஹலோ... ஹலோ, மாமாவா? நான்தான் மாமா, மாப்பிள்ளைதான்... கேக்குதா? ... ஆங், இப்பக் கேக்குது. கப்பல் இன்னும் கரையிலதான் நிக்குது. இன்னும் கால் மணி நேரத்துல கயித்த அவுத்துருவாங்க, அப்புறம் பத்து நாளைக்கு சிக்னலே கிடையாது. அதான்... இல்ல இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல... சாப்டேன், சாப்டேன். வீட்ல எல்லாரும்... எப்படி? ... ம்... ம்... சரி. மீனெல்லாம் எப்படி இருக்கு?

... கறுத்துப் போச்சா? எது? ... ஆறுமா? மெதுவா சொல்லுங்க மாமா. டிஸ்கஸ் மீனு பயந்தா அப்படித்தான், ஒடம்பெல்லாம் இருட்டு கட்டிரும். எங்க நிக்குதுங்க? ... மரக்கட்டைக்குப் பின்னாடி, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு... பெருசு? செவப்பா, சாப்பாட்டுத் தட்டு கணக்கா இருக்குமே... அதுவுமா? எத்தனை நாளா? ... ஒரு வாரமா! ஒரு வார்த்தை சொல்லலியே!

... சரி, சரி. நடுக்கடல்ல இருக்கிறவனுக்கு நீங்க எங்கேர்ந்து சொல்லுவீங்க. என் தப்புதான். ஹீட்டர் வேலை செய்யுதா? ... இருபத்தொம்பது டிகிரி... அது சரியாத்தான் இருக்கு. அப்புறம் ஏன்... மாமா, தொட்டியில புதுசா ஏதாவது விட்டீங்களா?

... மாமா? ... இருக்கீங்களா? ... இருமினது போதும், சொல்லுங்க.

... மஞ்சள் ஒடம்பு, கறுப்புக் கோடு, துறுதுறுன்னு... ஐயோ. ஐயோ மாமா, அது டைகர் பார்ப்! எத்தனை? ... பத்தா? முப்பது வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தீங்க, ஒத்துக்கறேன். அதுக்காகத் தொட்டியிலயும் ‘உள்ள போ, உள்ள போ’ன்னு ஆள ஏத்திருவீங்களா? பத்தும் ரவுடிப் பசங்க மாமா! வாலக் கடிக்கும், துடுப்பப் பிச்சு எடுக்கும். டிஸ்கஸ் திருப்பிக் கடிக்காது. ஓரமாப் போய் நின்னு, பட்டினி கெடந்தே செத்துரும்.

... தெரியும், நல்லதுக்குத்தான் செஞ்சீங்க... தொட்டி வெறிச்சுன்னு இருந்துச்சு, பாப்பா அதையே பாத்துட்டு உக்காந்திருக்கு, கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டும்னு... இருங்க. யாரு பாத்துட்டு உக்காந்திருக்கா? ... உங்க பொண்ணா? அவ அந்தப் பக்கமே திரும்ப மாட்டாளே.

... தெனமுமா?

... ம்.

வரேன்யா! கத்தாத, அஞ்சே நிமிஷம்! ... உங்கள இல்ல மாமா, இங்க டெக் மேஸ்திரி. கேளுங்க, நேரமில்ல. அலமாரியில கீழ்த்தட்டுல பச்சை வலை இருக்கும். லைட்ட அணைச்சிட்டு, அந்தப் பத்தையும் மொதல்ல வெளிய... என்ன? ... எடுத்தாச்சா? எப்ப? ... நேத்துக் காலையிலயா? யாரு எடுத்தா?

... எட்டு மாச வயித்த வச்சுக்கிட்டு ஸ்டூல் மேல ஏறினாளா! நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? ... தூங்கிட்டு இருந்தீங்க. நல்லது. ... ஏறலியா? நின்ன எடத்துலயேவா... சத்தியமா? ... சரி. சரி, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இங்க ஒரு எடத்துல கால் நிக்க மாட்டேங்குது, அதான் வாய் நீளுது.

... திருப்பிக் குடுத்துட்டாளா? குடுத்துட்டு வேற வாங்கினாளா? மறுபடியுமா? என்ன மீனு மாமா, பேரு சொன்னாளா? ... நீலக் கோடு, கீழ செவப்பு, வெரல் நீளம்கூட இல்ல... கார்டினல் டெட்ரா. எத்தனை? ... பன்னெண்டு. ... ஆமா. ஆமா மாமா, அதான் சரி. அத விட நல்ல துணை கிடையாது. அந்தச் சூடு அதுக்கு ஒத்துக்கும், யாரு வம்புக்கும் போகாது. சின்னதுங்க பாட்டுக்கு நடுவுல சுத்துறதப் பாத்தாத்தான், வெளிய ஆபத்து இல்லன்னு பெருசுங்களுக்கே நம்பிக்கை வரும். இது யாரு சொல்லிக் குடுத்தா அவளுக்கு? மீன்கடைக்காரரா?

... அவரையே கேள்வி கேட்டாளா? எத்தனை நாளாத் தனித் தொட்டியில வச்சிருக்கீங்க, நோய் ஏதாவது இருக்கான்னா? ... ஹா! அவரு மூஞ்சி எப்படிப் போயிருக்கும்! ... எங்க படிச்சாளாம்? ... எந்த நோட்டு?

... மீனப் பத்தி நான் எழுதி வச்ச நோட்டா? அடுப்புல போடுறேன்னு சொன்னாளே.

... மாமா, ஃபோன அவகிட்ட குடுக்கறீங்களா? ... தெரியும், பேச மாட்டா. நாப்பது நாளாப் பேசல, இன்னிக்கு மட்டும் பேசிருவாளா. காதுல வச்சாப் போதும்னு சொல்லுங்க. குடுங்க மாமா, தயவுசெஞ்சு. கயிறு அவுக்கறதுக்குள்ள.

... ஹலோ... நான்தான்.

... பேச வேண்டாம். மூச்சு விடற சத்தம் கேக்குது. ... தண்ணி மாத்தும்போது வாளியத் தூக்காத, மாமாகிட்ட சொல்லு. அந்தப் பன்னெண்டும் ஒண்ணாத்தான் சுத்துதா? புதுசுல ரெண்டு நாள் மூலையில ஒதுங்கும், பயப்படாத. தீனி கொஞ்சமாப் போடு...

... என்ன? ... என்ன சொன்ன? பெருசு வெளிய வந்துச்சா? இப்பவா? ... உன் கண்ணு முன்னாடியா... நெறம் வந்திருக்கா? ... பாதி வந்திருக்கா. போதும்மா. வந்துரும்.

பேசிட்ட. நாப்பது நாள் கழிச்சு, மீனப் பத்தி.

... இல்ல, மீன விடு. நான் மீனப் பத்திப் பேசக் கூப்பிடல. எது வந்தாலும் மீனப் பத்திப் பேசியே நழுவிருவேன்னு நீதான் சொல்லுவ, இன்னிக்கும் அதத்தான் பண்ணேன். கேளு. அடுத்த துறைமுகத்துல ஒரு எலக்ட்ரீசியன் இருக்கான், எனக்குப் பதிலா ஏற ரெடி. கேப்டன் காலையிலயே கேட்டாரு, எறங்கறியா இருக்கியான்னு. கெளம்பறதுக்குள்ள சொல்லணும். நான் இன்னும் சொல்லல.

... ஏன்னா... வந்தா நீ கதவத் தொறப்பியான்னு தெரியல. பொறக்கற வரைக்கும் கப்பல் ஏற மாட்டேன்னு உங்கிட்ட வாக்கு குடுத்துட்டு, மூணாம் நாளே பெட்டியக் கட்டினவன். போன தடவை நம்ம புள்ள தங்காமப் போனப்பவும் நான் தண்ணிக்கு நடுவுலதான் இருந்தேன். இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா பக்கத்துல நின்னு பாக்கணுமேன்னு... பயம்டி. சம்பளமெல்லாம் சும்மா சாக்கு. பாக்காம இருந்தா நடக்காதுன்னு ஒரு முட்டாள்தனம்.

... அழறியா? ... ஹலோ?

... சொல்லு, சொல்லு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ... தலை இன்னும் திரும்பலியா... ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் பாக்கணுமா. யாரு கூடப் போவ? ... மாமாவா? ஊசியப் பாத்தாலே மயக்கம் போடுற மனுஷன், அவர யாரு தூக்குறது?

... சிரிக்கற. சிரிச்சியா இல்லியா? ... ஆமா, ஆமா, கேட்டுச்சு.

ஒரே நிமிஷம்யா! தெரியுது, இன்ஜின் போட்டாச்சு, எனக்கும் காது இருக்கு!

... நேரமில்ல, நேராக் கேக்கறேன். பத்து நாள், அதுக்கு மேல ஒரு நாள் பயணம். வரவா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு, தாங்கிக்குவேன். ... ஹலோ? ... விட்டு விட்டு வருதுமா... சத்தமா சொல்லு... ‘வா’ன்னு என்னமோ ஆரம்பிச்ச... ‘வாங்க’வா? ‘வாய மூடுங்க’வா? ... ஹலோ? ... ஹலோ!

யோவ் மேஸ்திரி, கேப்டன் மேல இருக்காரா? ... எறங்கறேன்னு சொல்லணும்யா. ... ஆமா, நான்தான், அடுத்த துறைமுகத்துல. ... வழிய விடு, நானே ஓடிப் போய்... ஹலோ? ஹலோம்மா... இருக்கியா...