புள்ளியில் தொடங்கிய வரி

உங்கள் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள்: மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும். நான் அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். மணி வேலை செய்யவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள், நான் மட்டும் குளிரில் நின்றேன். எழுதியிருப்பதை வாசித்து, வாசித்தபடி நடக்கிறவன் நான். அப்படிப்பட்ட ஆட்கள் அருகிப்போனார்கள். ஒருவகையில் இந்த விசாரணையே அதைப் பற்றியதுதான்.

எனக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனாலும் தமிழிலேயே சொல்கிறேன், ஜெயந்தி தங்கச்சி மொழிபெயர்க்கட்டும். இந்தச் சுவிஸ் ஜெர்மனில் எல்லாவற்றுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்துவிடுவார்கள். பிழையைக்கூட 'ஃபேலர்லி' என்று கொஞ்சுவார்கள். நான் சொல்லப்போவது கொஞ்சுகிற விஷயம் அல்ல.

உங்கள் அறிக்கையை வாசித்தேன். 'மென்பொருளைப் பராமரிக்கும் மரியதாஸ் இந்தப் பிழையைக் கவனிக்கத் தவறிவிட்டார்' என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்துக்காகத்தான் வின்டர்தூரிலிருந்து நானாகப் புறப்பட்டு வந்தேன். இந்தமுறை யாரும் என்னை அழைக்கவில்லை.

என் வேலை சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் அதிகம். எங்கள் நிறுவனம் களஞ்சியங்களுக்குக் கிரேன் செய்கிறது. உயர்ந்த தட்டுகளுக்கு நடுவே தண்டவாளத்தில் ஆளில்லாமல் ஓடி, பெட்டிகளை எடுத்துவரும் கிரேன். அதை இயக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் பொறியியலாளர்கள் எழுதிய கையேட்டுப் பக்கம் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் வாசிப்பதற்காக எழுதப்பட்ட பழைய முறைப் பக்கங்கள். அவற்றை இணையப் பக்கங்களாக மாற்றும் மென்பொருளை எழுதியது நான். பல வருடங்களாகத் தனி ஆளாகப் பராமரிப்பதும் நான். அது ஓடும்வரை யாருக்கும் என் ஞாபகம் வராது.

நிருசன் டீட்டிகோன் ஊரிலுள்ள களஞ்சியத்தில் இந்தக் கிரேன்களைப் பழுதுபார்ப்பவன். கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லவில்லை. வேகமானவன். வேகமானவர்கள் வாசிக்கமாட்டார்கள். கையேட்டைத் தொடுதிரையில் பார்க்கவென்று எல்லோருக்கும் அந்தக் கண்டறியாத ரப்லெட்டுகளைக் கொடுத்த நாளில் நிறுவனம் ஒரு சின்ன விருந்து வைத்தது. கையில் கிளாசோடு நின்ற நிருசன், மேலாளருக்கு முன்னால் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னான்: "அண்ணையின்ர பக்கத்தை ஆர் முழுக்க வாசிக்கிறது? சுரண்டிப் பாத்து, கொப்பி பண்ணி ஒட்டுறதுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் விளங்காத மேலாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இருந்தது என்று நீங்கள் எழுதினால் அது பொய். அவர்கள் மீது எனக்கு இருந்தது இரக்கம்.

சில வாரங்கள் கழித்து அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணை, கிரேனைத் திருப்பித் தொடக்கிற கொமாண்ட் இருக்கெல்லோ, அந்தப் பக்கத்தில ஒரு படி விடுபட்ட மாதிரிக் கிடக்கு. நேரமிருந்தா ஒருக்காப் பாருங்கோ."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கையேடுகளில் புள்ளியில் தொடங்கும் வரி வாசகருக்கானது அல்ல. 'தலைப்பைப் போடு', 'புதிய பந்தி தொடங்கு' என்று கணினிக்குச் சொல்வது. அதனால் அது திரையில் தெரியாது. புள்ளியில் தொடங்கும் வரி வாசகருக்கும் தெரியவேண்டும் என்றால், எழுதுகிறவர் புள்ளிக்கு முன்னால் ஒரு காப்புக்குறி வைப்பார். அந்தப் பக்கத்தை எழுதிய பொறியியலாளர் சரியாகத்தான் வைத்திருந்தார். என் மென்பொருள்தான் காப்புக்குறியை முதலில் கழற்றிவிட்டு, பிறகு புள்ளியைப் பார்த்து, 'இது கணினிக்கு' என்று முழு வரியையும் எறிந்துவிட்டது.

எறியப்பட்ட வரி, பெயரே புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பைப் பற்றியது. அந்தக் கோப்பு இருக்கும்வரைதான் கிரேன் அசையாமல் நிற்கும், இந்தக் கட்டளை அதை அழித்துவிடும், ஆகவே பாதைக்குள் ஆள் நிற்கும்போது இதைக் கொடுக்காதே. இவ்வளவுதான் அந்த வரி.

ஒரு காப்பி ஆறுவதற்குள் பிழையைப் பிடித்துவிட்டேன். என் கணினியில் திருத்தியும்விட்டேன். அழகான திருத்தம், இரண்டு செயல்களின் ஒழுங்கை மாற்றினால் போதும். வெளியிடுவதற்கு ஒரு பொத்தான். அதை நான் அழுத்தவில்லை.

இப்போது ஜெயந்தி தங்கச்சி மொழிபெயர்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்.

"அண்ணை, விளங்கித்தான் சொல்லுறீங்களோ? அவை இதைப் பிழையா எடுத்துப்போடுவினம்."

"சரியாத்தான் எடுப்பினம். சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கோ, தங்கச்சி."

நன்றி. ஏன் அழுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முறைப்பாடு செய்பவர் பதிப்பு எண்ணைத் தரவேண்டும், பொறியியலாளர் எழுதிய மூலக் கையேட்டில் எந்த வரி என்று காட்டவேண்டும். இதெல்லாம் முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஒருவன் பஸ்ஸுக்குள் நின்றபடி வாய்க்கு வந்ததைப் பதிவுசெய்து அனுப்புவான், நான் விழுந்தடித்துக்கொண்டு செய்துகொடுக்க வேண்டுமோ? மூலத்தைத் திறந்திருந்தால் அந்த வரி அவன் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கும். திறக்கவில்லை. ஆகவே பதில் எழுதினேன்: தகவல் போதாது, எங்கள் பக்கம் பிழை எதுவும் தென்படவில்லை.

ஒரு சுவிஸ்காரன் என்றால் அந்தப் பதிலுக்கு அடுத்த நாளே மேலாளருக்கும் பிரதி போட்டு மறுபடி கேட்டிருப்பான். சலிக்காமல் நச்சரிப்பார்கள், அந்த ஒன்றில் அவர்களை மெச்சலாம். எங்கள் பெடியங்கள் அப்படியில்லை. வயதுக்கு மூத்த ஒருவரை அண்ணை என்று கூப்பிட்டுவிட்டால், பிறகு அவர் சொன்னதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. நிருசன் எனக்கு ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினான். "நீங்க சொன்னாச் சரி அண்ணை." அவ்வளவுதான். என்னைப் பகிடி பண்ணுவதற்கு மட்டும் அந்த மரியாதை குறுக்கே நிற்கவில்லை.

எனக்கு இது தெரியாதா? தெரியும். நானும் அந்தச் சனத்துக்குள் வளர்ந்தவன்தானே.

நிருசனின் செத்தவீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சிவதர்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, அவர் உங்களைக் கேட்டுத்தானே எல்லாம் செய்யிறவர்" என்று அழுதாள். சுற்றி நின்ற சனம் விதி என்றது, இயந்திரம் என்றது, வெள்ளைக்காரனின் கொம்பனியைக் கோட்டுக்கு இழுத்து வழக்குப் போடவேண்டும் என்றது. விசர்க் கதைகள். அந்த மண்டபத்தில் சரியானதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளுக்காகக் கவலைப்பட்டேன், உண்மையாகவே.

விபத்து நடந்த அன்று காலை அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தது உங்களிடம் பதிவாகியிருக்கிறது. சுகம் விசாரிக்க எடுத்தான் என்று முதல் விசாரணையில் சொல்லியிருந்தேன். அதைத் திருத்த விரும்புகிறேன்.

"அண்ணை, கிரேன் இடையில நிண்டிட்டுது. நான் பாதைக்குள்ளதான் நிக்கிறன். அந்தப் பக்கத்தில கிடக்கிற மாதிரியே கொமாண்டைக் குடுக்கட்டோ? எல்லாம் சரிதானே?"

திருத்திய பக்கம் என் திரையில் திறந்திருந்தது. அந்த வரி அதில் தெளிவாக இருந்தது. நான் அதை ஒருமுறை முழுதாக வாசித்தேன், மனதுக்குள்தான்.

"ஓம், சரிதான். குடு" என்றேன்.

இதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறியது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எதையும் தவறவிடவில்லை, ஐயா. அவன் கையில் இருந்த ரப்லெட்டிலேயே மூலக் கையேடும் இருந்தது, ஒரு தட்டுத் தட்டினால் திறந்திருக்கும். இப்போதாவது ஒருமுறை ஒழுங்காக வாசிப்பான் என்று நான் நம்பினேன். அதனால்தான் தொலைபேசியை வைக்கவில்லை. கிரேன் வருகிற சத்தம் காதில் கேட்கும்வரை அவனுக்கு அவகாசம் கொடுத்தேன்.