உள்ளே போய்விட்ட எல்ஸ்

செஞ்சியிலிருந்து தொண்டூர் வழியாகப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"புரோகிராம்ல ஒரு எல்ஸ எடம் மாத்தி எழுதிட்டேன்டி. ஒரு பொண்ணு படிப்பே போயிடிச்சி."

"இன்னாடி சொல்ற?"

"போன வருஷம் ஒரு காலேஜ் அட்மிஷனுக்கு புரோகிராம் எழுதினேன்ல? மார்க் எண்பதுக்கு மேல இருக்குதானு ஒரு இஃப். இருந்தா, அதுக்குள்ள இன்னொரு இஃப், ஹாஸ்டல் வேணுமானு. 'இல்லாட்டி மார்க் பத்தல'னு மார்க் கம்மியானவங்களுக்குப் போக வேண்டிய எல்ஸ், உள்ள இருக்குற இஃப்போட சேந்துடிச்சி. நல்ல மார்க் வாங்கி, ஹாஸ்டல் வேணாம்னவங்களுக்கெல்லாம் 'மார்க் பத்தல'னு மெசேஜ் போயிடிச்சி."

"அத அப்பவே சரி பண்ணிட்டியே."

"போன் பண்ணி கேட்டவங்களுக்கு சரி பண்ணேன். கேக்காதவங்கள நான் தேடல. நேத்து துணிக்கடைல பொடவ எடுத்துக் காட்டின பொண்ணு, தொண்டூர்தான் வீடாம், அதே காலேஜுக்குதான் போட்டிருக்கா, சொல்றா: 'எண்பத்தெட்டு வாங்கினேங்க்கா, அதுவே பத்தலனுட்டாங்க. நைனா வேலைக்கு அனுப்பிட்டாரு.'"

"நீ சொல்லிட்டியா?"

"இல்லடி. பொடவய வாங்கிக்கினு வந்துட்டேன்."

தொண்டூர் வந்ததும் ஜன்னலோரம் இருந்தவள் எழுந்தாள்.

"நானும் வரட்டா?"

"வேணாம். இந்த வருஷமாவது சேத்துப்பாங்களானு தெரியல. ஆனா 'உனக்கு மார்க் பத்துச்சி'ன்னு நான்தான் சொல்லணும்."