பனிமேட்டில் ஒரு வாசல்

பனி விலக்கி, பாதை கடந்து, பத்து இடத்தில் சறுக்கி, ஆயினும் பாசத்தோடு வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் என் உறவுகளே! நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! கோட்டைக் கழற்றாமலே குழந்தைகளை மடியில் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்று தேநீரைத் தேடும் தம்பிமாரே! அருள்நாயகத்தின் அன்பு வணக்கம்.

வோபர்ன் குடியிருப்பாளர் ஒன்றியம் தன் ஆண்டு விழாவில் என்னை ஏன் அழைத்தது? நான் புலவனா? இல்லை. பிரமுகனா? அதுவும் இல்லை. கனடா வீதிகளில் பனி வாருகிறவன்! செம்மஞ்சள் மேலங்கியோடு, கையில் ஓர் இரும்புக் கோலோடு, ஸ்னோ புளோவருக்கு முன்னால் நடக்கிறவன்!

இப்போதே கை தட்டாதீர்கள். கேட்ட பிறகும் தட்ட மனம் வந்தால் தட்டுங்கள்.

பிளவ் வண்டி வீதியைச் சுரண்டிப் பனியை ஓரத்தில் ஒதுக்கும். உப்பு லொறி உப்புத் தூவும். ஒதுக்கிய பனி மலையாகிவிட்டால் புளோவர் வரும். ஆள் உயர வாய்; வாய்க்குள்ளே சுழலும் இரும்புத் திருகு. மேட்டைத் தின்று, பக்கத்தில் வரும் லொறிக்குள் துப்பும். மேட்டுக்குள் சைக்கிள் கிடந்தால் சைக்கிளையும் தின்னும். அதனால்தான் முன்னால் ஒருவன் நடக்கிறான். சுற்றிப் பார்க்கிறான், குத்திப் பார்க்கிறான். அவன் கை உயர்த்தினால்தான் வண்டி நகரும்.

இந்தத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுத் தை மாதத்தை மறப்போமா? விழுந்தது பனியா, வானமே இடிந்து விழுந்ததா? நகரம் படையையே அழைத்தது! பச்சை உடுப்போடு ஆமிக்காரர் மண்வெட்டி பிடித்து நின்றதை ரீவியில் பார்த்தோம். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்காத ஒருத்தி, இங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி. நம் கட்டடங்களின் பின்வீதி. காற்று நின்றுவிட்டது. வானமும் வெள்ளை, நிலமும் வெள்ளை, இடையில் எல்லையே இல்லை. என் காலடி எனக்கே கேட்கவில்லை. பின்னால் டொமினிக்கின் புளோவர் மட்டும் உறுமியது. டொமினிக் இத்தாலியர்; இருபது வருட அனுபவம் உண்டு, இரண்டு நிமிடப் பொறுமை கிடையாது.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுவதும் குளிரில் என் விரல்கள் விறைத்திருந்தன. பல மேடுகளை நான் சுற்றிப் பார்க்கவில்லை. ஒப்புக்கு ஒரு குத்து. உடனே கை உயரும். அந்த மேட்டுக்கும் என் கை பாதி உயர்ந்துவிட்டது.

அப்போது கண்டேன். மேட்டின் மறுபுறம் மஞ்சள் கடைப் பைகள். பனி நிரப்பி, வாய் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நடுவே, குனிந்து நுழையும் அளவில் ஒரு வாசல். அது நேராகப் போகவில்லை. இரண்டடி உள்ளே போய், ‘ட’னா போல் திரும்பியது.

மண்டபம் ஏன் அமைதியாகிவிட்டது? ஓம், உங்களுக்குத் தெரியும். குண்டுச் சிதறல் உள்ளே பாயாதிருக்க ஊரில் நாம் பதுங்குகுழி வாசலை எப்படி வெட்டினோம்? மண் மூட்டையை எப்படி அடுக்கினோம்? பனியில் விளையாடும் பிள்ளை இப்படியா வெட்டும்? வாசலின் மேல்விளிம்பு உருகி மினுங்கியது. உள்ளே ஏதோ மூச்சு விட, ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது.

இரு கைகளையும் வீசினேன். பன்னிரண்டு அடி தூரத்தில் வண்டி நின்றது.

“ஹலோ!” குனிந்து கூப்பிட்டேன்.

“ஆர் உள்ளுக்கை?” அந்த ஆவியும் நின்றது.

டொமினிக் ஹோர்ன் அடித்தார். உள்ளே யாரோ இன்னும் ஆழத்துக்கு நகர, வாசலில் பனி உதிர்ந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன், திட்டிக்கொண்டே நிறுத்தினார். குண்டு விமானம் போன பிறகு ஊரில் சொல்வோமே, பன்னிரண்டு வருடமாக நான் சொல்லாத அந்தச் சொல் தானாக என் வாயில் வந்தது.

“பொம்பர் போயிட்டுது. வெளியில வாங்கோ.”

முதலில் ஒரு சின்னக் கை வந்தது. கையுறைக்குப் பதிலாகக் காலுறை மாட்டிய கை. ஆறு வயது நிலாணி. பின்னால் அவளுடைய தாய் யோகமலர். கனடா வந்து பதினெட்டு நாள். காலில் வீட்டுச் செருப்பு. என்னையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

“உண்மையாப் போயிட்டுதோ, அண்ணை?”

“ஓம் தங்கச்சி, போயிட்டுது.” வேறு என்ன சொல்வேன்?

“ரீவியில ஆமியைக் காட்டினவை. மூண்டு நாளா இதை வெட்டினனான். இண்டைக்கு நிலம் அதிர்ந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திட்டன்.”

மூன்று நாள்! கணவன் ஒஷாவா நகரில் வேலையில். எத்தனை பல்கனிகள் அந்த மேட்டைப் பார்த்தன! எத்தனை கண்கள் அந்தப் பெண்ணைப் பார்த்தன! நம் கண் முன்னே ஒருத்தி பங்கர் வெட்டினாள். பனியில் விளையாடுகிறாள் என்று நாம் திரைச்சீலையை இழுத்துவிட்டோம். வெட்கமாக இல்லையா? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதிதாய் வருவோர்க்குக் கோட் கொடுக்கிறோம், கம்பளி கொடுக்கிறோம். இந்த வண்டிகளின் சத்தத்தைப் பற்றி நம்மில் யார் சொல்லிக் கொடுக்கிறோம்? அவர்களோடு பல்கனியில் நில்லுங்கள். பிளவ் வரும்வரை நில்லுங்கள். “உது பனி அள்ளுற வண்டி, பயப்பிடாதேங்கோ” என்று சொல்லுங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன், அண்ணை.

யோகமலர் இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொன்னேன். அவருடைய மேட்டை நாங்கள் அள்ளவில்லை. அது இன்றும் அங்கேயே நிற்கிறது, பைகளோடு. ஆனால் அந்த வாரம் நான் சுற்றிப் பார்க்காமல் கை உயர்த்திய மேடுகள்? அவையெல்லாம் நகரத்துக்கு வெளியே கொட்டிக் கிடக்கின்றன, இப்போது உருகுகின்றன. வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்கிறேன். நேற்று ஒரு மஞ்சள் பை வெளியே தெரிந்தது. பாதி கிழிந்திருந்தது. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே பனி.

வேறொரு மேட்டில் அதை அடுக்கியது யார்? வெட்டிவிட்டு, புளோவர் வருமுன்னே பேசாமல் வீட்டுக்குப் போனவராக இருக்கட்டும். இருக்க வேண்டும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். வீட்டுக்குப் போனதும் பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்.